கறுப்பு வெள்ளைக் கதைப் படமா? கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்
பழைய தேவதைக் கதைப் புத்தகத்தில் உள்ள படத்தைப் பிள்ளைகளிடம் காட்டும்போது, கண்ணைப் பாதி மூடி, எந்த வெள்ளைத் திட்டு முதலில் தெரிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கும். மரச்செதுக்குப் படம், அதாவது மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அச்சடித்த படம் என்றால், கட்டையைத் தொடாமல் விட்ட இடம் மை ஏறி முழுக்கக் கறுப்பாகவே அச்சாகும். வெள்ளை வேண்டிய இடத்தைக் கீறிக் கீறி எடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஓநாயின் கண்ணில் ஒளி வைத்திருந்தால் அது சும்மா இருக்காது. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகங்களை அலசினால் இப்படிப்பட்ட படம் சிக்கலாம்.

பேனாக் கோட்டுப் படத்துக்கு இது சரிவராது. அங்கே வெள்ளை என்பது வெறும் தாள். ஃபோட்டோஸ்டாட் எடுத்த பக்கத்திலும் வேண்டாம், நுண்கோடெல்லாம் ஒன்றாக அப்பிக் கறுத்துவிடும்.