தறிச்சத்தம் குறையும்போது நாம் செய்யும் தப்புகள்

2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் நான் மேனேஜராக இருக்கும் பெட்ஷீட், துண்டு ஏற்றுமதி யூனிட்டில் அந்த வாரமே இரண்டு ஆர்டர் "கொஞ்சம் பொறுங்க" என்று நின்றது. ரத்தும் இல்லை, உறுதியும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் முதலாளி முதல் மேஸ்திரி வரை ஆளுக்கொரு தப்பு செய்கிறோம்.

மேலே இருப்பவர் செய்வது, வாயே திறக்காமல் இருப்பது. "நல்ல சேதி வரட்டும், சொல்லிக்கலாம்" என்று எங்கள் முதலாளி பத்து நாள் ஷெட் பக்கமே வரவில்லை. பதினோராம் நாள் வந்தார், கூடவே ஒரு புது ஆள். அந்த ஆள் தறி தறியாகப் போய் நம்பரைக் குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தவர்; அதை யாரும் சொல்லவில்லை. நாலு மணி டீக்குள் பேச்சு பரவிவிட்டது: "தறியெல்லாம் எடைக்குப் போடப்போறாங்களாம்." திங்கட்கிழமை ஜக்கார்டு, அதாவது பூ டிசைன் நெய்கிற வேலை, தெரிந்த இரண்டு பேர் குமாரபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். முன்பு பழைய தறிகள் வண்டியேறி இரும்புக் கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். குறை சொல்ல மாட்டேன்.

நான் செய்தது அதைவிட மோசம். அவர்கள் போன பயத்தில் மீதிப் பேரைக் கூட்டி வைத்து, "தீபாவளி வரைக்கும் ஒரு ஷிப்ட்கூடக் குறையாது, நான் பொறுப்பு" என்றேன். ஆர்டர் என் கையிலா இருக்கிறது? செப்டம்பர் கடைசியில் ராத்திரி ஷிப்ட் நின்றது. கோன் சுற்றும் அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்: "உங்க பேச்சை நம்பித்தானே சார் அட்வான்ஸ் வாங்கினேன். இப்ப எதுல கழிக்கறது?" பதில் இல்லை. அட்வான்ஸ் பிடித்தத்தைப் பொங்கல் வரை தள்ளிவைக்கச் சொல்லி முதலாளியிடம் நின்றேன். பாதிப் பேருக்குத்தான் ஒத்துக்கொண்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்ற பயம் நடுவில் இருக்கிற எங்களுக்கு எப்போதும் உண்டு. சொன்ன சொல் பொய்யானால் போகிற மரியாதை அதைவிட அதிகம். இப்போது சனிக்கிழமை கூலி போடும்போது இவ்வளவுதான் சொல்கிறேன்: "புதன் வரைக்கும் பாவு இருக்கு. அப்புறம் தெரியலை. அடுத்த சனிக்கிழமை சொல்றேன்." பாவு என்பது நெய்வதற்குத் தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல். அடுத்த சனிக்கிழமை புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் வந்து நின்று "இன்னும் ஒண்ணும் வரலை" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஒளிந்துகொண்டால் மறுபடி டீக்கடைதான் சேதி சொல்லும்.

மேஸ்திரிகளின் தப்பு சின்னதாகத் தெரியும், ஆனால் ஆறாது. இருக்கிற கொஞ்சப் பாவையும் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் தறியில் ஏற்றிவிட்டு, கேட்டால் "மேல சொல்றாங்க, நான் என்ன பண்றது" என்பது. முறை வைத்து, யாருக்கு எந்த நாள் என்று சுவரில் எழுதிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை.

இன்னொன்று. வேலை இல்லாத நாளை "லீவு" என்று வருகைப் பதிவில் எழுதிவிடுகிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு லே-ஆஃப் நாளில், அதாவது முதலாளியால் வேலை தர முடியாத நாளில், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தர வேண்டும் என்பது சட்டம். பெயரை மாற்றி எழுதினால் கடமை போய்விடாது.

எங்கள் முதலாளி இப்போது யாரைக் கூட்டி வந்தாலும் ஷெட் வாசலிலேயே சத்தமாக யார், எதற்கு என்று சொல்லிவிடுகிறார். போன மாதம் கொசு மருந்து அடிக்க வந்தவரையும் அறிமுகப்படுத்தினார்.