டெண்டர் வரும் முன்பே சான்றிதழ் வாங்கி வையுங்கள்

கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்தும், ராணுவப் பணியில் உடல் பாதிப்படைந்த முன்னாள் வீரரா நீங்கள்? லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ போன்ற போக்குவரத்து நிறுவனங்களின் டெண்டர் வரட்டும் என்று காத்திருக்காமல், மாநிலப் பொதுச் சேவைத் துறை தரும் டிவிபிஇ (பாதிப்படைந்த முன்னாள் வீரர்களின் நிறுவனம்) சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. குறைந்தது 51 சதவீத உரிமையும் அன்றாட நிர்வாகமும் அப்படிப்பட்ட வீரர்கள் கையில் இருக்க வேண்டும், பணியால் வந்த பாதிப்பு 10 சதவீதமாவது என்று பதிவாகியிருக்க வேண்டும், பெயருக்கு மட்டும் உரிமையாளர் என்றால் நிற்காது.

அப்புறம், டெண்டர் ஆவணத்தில் நிதி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். மத்திய அரசுப் பணம் கலந்திருந்தால் பொதுவாக டிபிஇ (பின்தங்கிய நிலையில் உள்ளவர்களின் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டம்) என்ற வேறு விதிதான். தனியாக ஏலம் கேட்க முடியாவிட்டாலும் சரி, டெண்டருக்கு முந்தைய கூட்டத்துக்குப் போய், வேலையில் ஒரு பங்கை இத்தகைய சான்றிதழ் உள்ள நிறுவனங்களுக்குத் தர வேண்டும் என்ற இலக்கை நிரப்பத் துணை ஒப்பந்தக்காரர் தேடும் பெரிய நிறுவனங்களிடம் நேரில் பேசுங்கள்.