மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போடலாமா? ஒரு ஜெயநகர்க்காரியின் கணக்கு

பெங்களூரில் எங்கள் ஜெயநகர் தொகுதியில் 2023 சட்டசபைத் தேர்தலில் பா.ஜ.க.வின் சி.கே. ராமமூர்த்திக்கு 57,797 ஓட்டு. காங்கிரஸின் சௌம்யா ரெட்டிக்கு 57,781. மறு எண்ணிக்கை முடிந்து 16 ஓட்டில் முடிவு சொன்னார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் "என் ஒரு ஓட்டுல என்ன கிழியப் போகுது" என்ற பேச்சு அடங்கிவிட்டது. பதிலுக்கு வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. "அக்கா, எனக்குப் பிடிச்ச ஆள் எப்படியும் மூணாவதாத்தான் வருவார். அவருக்குப் போட்டா வீணாப் போயிடுமா? ரெண்டாவது ஆளுக்குப் போட்டு முதல் ஆளைக் கவுத்திடலாமா?" கேட்டது கீழ் வீட்டுத் தம்பி. ஓசூரிலிருந்து வேலைக்கு வந்து, ஓட்டையும் இங்கேயே மாற்றிக்கொண்டவன்.

நான் ஒரு ஃபேக்டரியில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிடையர் ஆனவள். யாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்காரரிடமே சொன்னதில்லை. கணக்கு போடச் சொல்லித் தருவேன்.

முதல் வேலை, உங்கள் தொகுதியில் போன தேர்தல் முடிவை எடுப்பது. தேர்தல் கமிஷன் இணையதளத்தில் மொத்த ஓட்டு இருக்கும். சாவடிவாரியாக வேண்டுமென்றால் 'ஃபார்ம் 20' என்று ஒரு தாள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேடுங்கள். அதிலிருந்து இரண்டே எண் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம், மூன்றாவது ஆள் வாங்கிய ஓட்டு. வித்தியாசம் இருபதாயிரம், மூன்றாவது ஆளுக்கு எட்டாயிரம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. அந்த எட்டாயிரம் பேரும் கூட்டமாகப் போய் இரண்டாவது ஆளுக்குக் குத்தினாலும் ஒன்றும் மாறாது. மனசுக்குப் பிடித்தவருக்கே போடுங்கள். நிறையத் தொகுதிகளில் கதை இதுதான். ஆனால் தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக்காரரும் "ஓட்டைப் பிரிக்காதீங்க" என்றுதான் வாசலில் வந்து நிற்பார்கள்.

வித்தியாசம் சின்னதாகவும் மூன்றாவது ஆளின் ஓட்டு பெரிதாகவும் இருந்தால் இன்னொரு படி போக வேண்டும். இதற்கு நான் எடுத்துக்காட்டும் தொகுதி தில்லி ஜங்புரா. மதராசி கேம்ப் தமிழர்கள் இருந்த ஏரியா. 2025 பிப்ரவரியில் அங்கே ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா பா.ஜ.க.விடம் தோற்றது 675 ஓட்டில். மூன்றாவதாக வந்த காங்கிரஸ் வேட்பாளருக்கு 7,350. பார்த்தவுடன் "காங்கிரஸ்தான் கவிழ்த்தது" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மூன்றாவது ஆளின் ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் சாயாது. 7,350 பேரில் நூற்றுக்கு 55 பேர் இரண்டாவது ஆளுக்கும் 45 பேர் முதல் ஆளுக்கும் போயிருந்தால் வித்தியாசம் 735 ஆகிறது, முடிவு திரும்பிவிடும். 54-46 என்றால் 588தான், திரும்பாது. அதிலும் சில பேர், தன் ஆள் இல்லாவிட்டால் சாவடிப் பக்கமே வர மாட்டார்கள். ஆக நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, என்னைப் போல மூன்றாவது ஆளைப் பிடித்தவர்களில் பாதிக்கு மேல் நான் வெறுக்கும் அதே ஆளைத்தான் வெறுக்கிறார்களா என்பது. இதற்கு எந்த ஃபார்மிலும் பதில் கிடையாது. டீக்கடை, பால் பூத், மாடியில் துணி காயப்போடுகிற நேரத்துப் பேச்சு, இவ்வளவுதான் ஆதாரம்.

பழைய எண்ணை வைத்துக் கணக்கு போடும்போது ஒரு எச்சரிக்கை. சட்டசபைக் கணக்கைப் பார்லிமெண்டுக்குப் போடாதீர்கள். கர்நாடகத்தில் 2023-ல் காங்கிரஸ் 224-க்கு 135 சீட் பிடித்தது. மறு வருஷமே லோக்சபாவில் 28-க்கு ஒன்பதுதான். பா.ஜ.க.வுக்குப் பதினேழு. ஒரே வாக்காளர்கள்தான், தேர்தலுக்குத் தேர்தல் மனசு வேறு. அதே மாதிரி யார் நிற்கிறார், யார் விலகினார் என்பதும் மாறும். 2018-ல் எங்கள் தொகுதியிலேயே தேர்தல் தள்ளிப்போய், ஜே.டி.எஸ். (மதச்சார்பற்ற ஜனதா தளம்) வேட்பாளர் காங்கிரஸுக்காக விலகிக்கொண்டார். நாம் போட வேண்டிய கணக்கைக் கட்சிகளே போட்டு முடித்துவிட்டன.

நோட்டாவை ('யாரும் வேண்டாம்' பட்டன்) இந்தக் கணக்கில் ஆயுதமாக நினைக்க வேண்டாம். சட்டசபை, லோக்சபாத் தேர்தல்களில் நோட்டா எல்லோரையும் முந்தினால்கூட, அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் எம்.எல்.ஏ. கோபத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவே. தோற்கிறவருக்குப் போடும் ஓட்டு அதைவிட உருப்படியானது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்ப வரும். அடுத்த தடவை அந்த ஏரியாவில் அந்தக் கட்சியை மற்றவர்கள் மதித்துப் பேச வருவார்கள். சின்னக் கட்சிக்கு அது பெரிய விஷயம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி, "இந்தத் தலைவலியே எதுக்கு? கட்சி வாங்குற ஓட்டுக்குத் தக்கபடி சீட் கொடுத்துட்டாப் போச்சே" என்றான். விகிதாசார முறையைச் சொல்கிறான். நியாயமான கேள்விதான். கர்நாடகத்துக்காரர்களுக்குத்தான் அது ரொம்பவே உறைக்க வேண்டும். 2008-ல் காங்கிரஸுக்குச் சுமார் 34.8 சதவீதம், பா.ஜ.க.வுக்கு 33.9. சீட்டோ காங்கிரஸுக்கு 80, பா.ஜ.க.வுக்கு 110. 2018-லும் அதே கூத்து: 38.1 சதவீதத்துக்கு 80 சீட், 36.3-க்கு 104. காங்கிரஸ் ஓட்டு மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பல இடத்தில் இரண்டாவதாக வந்து நிற்கிறது. இப்போதைய முறையில் இரண்டாவது இடத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது.

விகிதாசாரத்தில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம், ஒரு கால்குலேட்டர் போதும். ஐந்து சதவீதம் தாண்டாத கட்சிகளை விட்டுவிடுங்கள் (பல நாடுகளில் இப்படி ஒரு வாசற்படி உண்டு). மிச்சக் கட்சிகளின் சதவீதத்தைக் கூட்டுங்கள். 2018-க்கு 38.1, 36.3, ஜே.டி.எஸ்.ஸின் 18.3, மொத்தம் 92.7. ஒவ்வொன்றையும் 92.7-ஆல் வகுத்து 224-ஆல் பெருக்குங்கள். வரும் முழு எண்களை முதலில் கொடுத்துவிட்டு, மிஞ்சும் சீட்டைப் பெரிய பின்னம் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். காங்கிரஸ் 92, பா.ஜ.க. 88, ஜே.டி.எஸ். 44.

உடனே காங்கிரஸ்காரர் கை தட்டுவார். இருங்கள், 2023-க்கும் போடுங்கள்: 42.9, 36, 13.3. காங்கிரஸ் 135-லிருந்து 104-க்கு இறங்குகிறது, பா.ஜ.க. 66-லிருந்து 88-க்கு ஏறுகிறது, ஜே.டி.எஸ். 19-லிருந்து 32. ஆட்சிக்கு 113 வேண்டும், ஒருவரிடமும் இல்லை. ஒரு வருஷம் இந்த முறையைக் கேட்டுக் கூச்சல் போடும் கட்சி, அடுத்த தேர்தலில் ஏன் வாய் திறக்காது என்பதும் இதில் தெரிந்துவிடும். முறை மாறினால் மக்கள் போடும் விதமும் மாறும், அதனால் இது தோராயம்தான்.

ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே எடை என்று பார்த்தால் விகிதாசாரம்தான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உத்தி பார்த்துப் போடுவது ஒழிந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். இஸ்ரேலில் வாசற்படி 3.25 சதவீதம், 2022-ல் மெரெட்ஸ் கட்சி 3.16 வாங்கி ஒரு சீட்கூட இல்லாமல் வெளியே நின்றது. அந்த வாக்காளர்களுக்கும் நம் தம்பியின் கவலைதான். மீதிக் கணக்கைத் தேர்தலுக்குப் பிறகு தலைவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார்கள். 2018-ல் 37 சீட் வைத்திருந்த ஜே.டி.எஸ்.ஸின் குமாரசாமி முதல்வரானார், அடுத்த வருஷம் ஜூலையில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. விகிதாசாரம் வந்தால் அது ஒவ்வொரு தடவையும் நடக்கக்கூடும்.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. மழைக்கு ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) பொங்கித் தெருவுக்குள் வந்தால், நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? விகிதாசாரத்தில் கட்சி கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் எம்.எல்.ஏ. வருவார். அதில் பதினேழாவதாக இருப்பவர் எங்கள் ஏரியாவுக்கு எதற்கு வருவார்? அதனால்தான், பழைய தொகுதிகளை வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் சீட்டை மட்டும் பட்டியலில் நிரப்பலாம் என்று சட்டக் கமிஷன் 1999-ல் சொன்ன யோசனை எனக்குப் பாதி சம்மதம்.

முழுச் சம்மதம் எதற்கென்றால், பெங்களூரிலேயே சில பேர் இப்போதும் போடும் ஓட்டுக்கு. மேலவைக்குப் பட்டதாரிகள் தொகுதி ஒன்று இருக்கிறது. அதில் பட்டன் அழுத்துவது கிடையாது. ஊதா ஸ்கெட்ச் பேனா கொடுப்பார்கள். பிடித்த வரிசையில் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். உங்கள் 1 தேறாவிட்டால் ஓட்டு 2-க்குப் போகும். மூன்றாவது ஆளுக்கு முதல் எண்ணைத் தைரியமாகப் போடலாம், வெறுக்கும் ஆளைத் தடுக்க இரண்டாவது எண் இருக்கிறது. ஒரே ஆளைத் தேர்ந்தெடுப்பதால் இது விகிதாசாரம் ஆகாது. ஆனால் தம்பியின் தலைவலிக்கு இதுதான் மருந்து.

டிகிரி முடித்து மூன்று வருஷம் ஆனவர்கள் ஃபார்ம் 18 நிரப்பிக் கொடுக்க வேண்டும். வழக்கமான வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, போன தடவை பட்டதாரிப் பட்டியலில் இருந்ததும் போதாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகவே எழுதுவார்கள். சாவடியில் சொந்தப் பேனாவை எடுக்காதீர்கள், டிக் அடிக்காதீர்கள், "ஒன்று" என்று எழுத்தால் எழுதாதீர்கள். 1 போடாமல் 2, 3 மட்டும் போட்டால் செல்லாது. வெறும் 1 மட்டும் போட்டால் செல்லும்.