முதலாம் வருடத்தில் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று தெரிவாகிவிட்டால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டமே பிறகு பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுகிறது. இத்தனை பேர் நம்பி அனுப்பியிருக்கும்போது பாடம் விளங்கவில்லை, கையில் காசில்லை என்று எப்படிச் சொல்வது? முதலாம் வருடத்தில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த மௌனத்திலிருந்து பிறந்தவை.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு நேரே ஆங்கில விரிவுரைக்குள் போய் உட்கார்கிறோம். முதல் தவணை முழுவதும் நான் பின்வரிசையில் இருந்து, காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் குறித்து, இரவில் அகராதியில் தேடினேன். 'ஹைப்பொதிசிஸ்' என்ற சொல்லை 'கைப்போ தீசிஸ்' என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்ததால், ஓர் இரவு முழுவதும் தேடியும் அது அகப்படவில்லை. பக்கத்து அறை அக்காவிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பின்வரிசையைத் தவிர்த்துவிடுங்கள், புதுமுக மாணவர்களுக்கான ஆங்கில வகுப்புகளைப் புள்ளி சேராத பாடமென்று ஒதுக்காதீர்கள், விளங்காத இடத்தை அன்றைக்கே ஒருவரிடம் கேளுங்கள்.

அடுத்தது பணம். 1981 இல் தொடங்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசில் நம் பிள்ளைகள் பலருக்குப் பெரிய ஆதாரம். அது கிடைக்காதவர்களுக்குப் பேர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது. ஆனால் தவணைப் பணம் பல வேளைகளில் பிந்தி வரும். அதை நம்பி விடுதிக் கடையில் கடன் வைப்பது, அம்மாவின் தோட்டை அடகு வைக்கும்வரை கொண்டுபோய் விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குத் தனி வீட்டிலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்குத்தான் போகிறது. எனக்கு வந்த கடிதம் ஒன்று அங்கே கிடந்து, விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகே கைக்கு வந்தது. ஆகவே நகரத்தில் இருக்கும் நம்பிக்கையான உறவினரின் முகவரியையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். பீடத்து அறிவித்தல் பலகையையும் நீங்களே பாருங்கள்.

திருவிழா, கலியாணம் என்று அடிக்கடி ஊருக்குப் போவதும் கவனிக்க வேண்டிய விடயம். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. சுகமில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் ஒப்படையுங்கள்.

மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் செய்யும் பகிடிவதையை 'எல்லாரும் பட்டதுதானே' என்று பொறுத்துக்கொள்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதி வைத்து, மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள்; தனியாகப் போகப் பயமென்றால் நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, வீட்டோடு பேசும் பேச்சு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு அம்மா "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். பாணும் பிளேன்டியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "சோறு சாப்பிட்டேம்மா" என்று இரண்டு மாதம் சொல்லிவந்தேன். உண்மையைச் சொன்ன அன்று அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை, ஹட்டனிலிருந்து ரயிலில் வந்த ஊர்த் தம்பியின் கையில் வறுத்த அரிசிமாவும் ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பலும் இருந்தன.