ஃபியூயல் டியூனர் வாங்குமுன்: உங்கள் பைக் என்ன கேட்கிறது?

எக்ஸாஸ்ட் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று. இப்போது த்ராட்டிலை மூடினால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஊர்ந்து போகையில் வண்டி குதித்துக் குதித்து நகர்கிறது. இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைத் திருத்தும் கருவிதான் டியூனர். "ஒரு டியூனர் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகலாம். ஆனால் எந்த டியூனர் என்று முடிவு செய்ய, பெட்டியின் மேலுள்ள பெயர் உதவாது. இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: உங்கள் ஈசியூ (இஞ்சினை இயக்கும் கணினி) ஓ2 சென்சாரை (எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜனை அளப்பது) வைத்துக்கொண்டு என்ன செய்கிறது, அந்தப் பெட்டிக்கு மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) எழுதத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா.

முதலில் பழுதை விலக்குங்கள்

எக்ஸாஸ்ட் மூட்டில் கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஓ2 சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று படிக்கும். த்ராட்டில் மூடும்போது வெடிப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு மூட்டில் சோப்பு நீர் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, வால்வ் இடைவெளி சரியா, பிளக் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பெட்ரோல் பம்ப் அழுத்தம். பெரும்பாலான ஜப்பானிய பைக்குகளில் இது ஏறக்குறைய 3 பார். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பம்ப் ஃபில்டர் அடைத்திருந்தால் ஐட்லிங்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், 8,000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது அழுத்தம் விழும். இதை மேப்பால் மறைக்கக் கூடாது. இன்று பெட்ரோலைக் கூட்டி மறைத்தால், ஃபில்டர் மாற்றும் நாளில் வண்டி ரிச்சாகி (பெட்ரோல் மிகுந்து) பிளக் கறுத்துவிடும்.

கேட்டலிட்டிக் கன்வெர்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பகுதி) உள்ள கம்பெனி பைப்பில் ஸ்லிப்-ஆன் (கடைசி சைலன்சர்) மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் டியூனரே தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். ஃபுல் சிஸ்டமும் (இஞ்சினிலிருந்து நுனிவரை புது எக்ஸாஸ்ட்) ஓப்பன் ஃபில்டரும் சேர்ந்தால் டியூனர் வேண்டும். கேம், பெரிய த்ராட்டில் பாடி, பெரிய போர் (சிலிண்டர் விட்டம்) என்று போனால் பெட்ரோலை மட்டும் கூட்டிக் குறைக்கும் பெட்டி போதாது.

ஓ2 சென்சார் செய்யும் வேலை

பைக்கோடு வரும் ஓ2 சென்சார் பெரும்பாலும் நேரோபேண்ட் வகை. அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடும், 0.45 வோல்ட்தான் நடுக்கோடு. காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற அளவுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தள்ளி என்று சொல்லாது. ஒரே சீராக ஓட்டும்போது ஈசியூ அந்தச் சொல்லைக் கேட்டு 14.7-ஐப் பிடித்து நிறுத்துகிறது. முழு த்ராட்டிலில் சென்சாரை மதிக்காது, தன் அட்டவணையை மட்டும் பார்க்கும்.

இங்கேதான் பலரின் பணம் வீணாகிறது. பிக்கிபேக் (கம்பெனி ஈசியூவோடு கூட மாட்டும்) பெட்டியை மாட்டி, சீரான வேகப் பகுதியில் 8% பெட்ரோல் கூட்டுகிறார்கள். முதல் நாள் வண்டி வெண்ணெய் போலப் போகும். ஈசியூ விடாது, "ரிச், ரிச்" என்று சென்சார் சொல்லச் சொல்ல, கூட்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கழித்ததை நினைவிலும் வைத்துக்கொள்ளும். சில நாளில் பழைய குதிப்பு திரும்பும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்குவார்கள், அதிலும் இதே கதை.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் மாடலில் குளோஸ்டு லூப்பை இது எப்படிக் கையாள்கிறது?" (சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ திருத்திக்கொள்வதுதான் குளோஸ்டு லூப்.) ஓ2 சிக்னலையும் சேர்த்து மாற்றுகிறதா, எவ்வளவு தள்ளி என்றும் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இணைக்க வழி இருக்கிறதா, ஈசியூவிலேயே அதை மாற்ற முடியுமா என்ற மூன்றில் ஒரு பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

மூன்று வழிகள்

பிக்கிபேக் என்பது ஈசியூவுக்கும் பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து துடிப்பை நீட்டிக் குறைக்கும் பெட்டி. டைனோஜெட்டின் பவர் கமாண்டர், இத்தாலியின் ரேப்பிட் பைக் எல்லாம் இந்த வகை. கழற்றினால் வண்டி பழையபடி, விற்கும்போதும் வசதி. பல மாடல்களில் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறிவிடும் நேரம்) ரெவ் லிமிட்டையும் தொட முடியாது, தொட வேண்டுமென்றால் கூடுதல் மாட்யூல் கேட்கும்.

ஃப்ளாஷ் என்றால் கம்பெனி ஈசியூவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே மாற்றி எழுதுவது. பெரிய ஜப்பானிய பைக்குகளுக்கு வூலிச், எஃப்டி ஈசியூ இரண்டும் பேர்பெற்றவை. கூடுதல் வயர் இல்லை, மழையில் நனைய ஒரு பெட்டியும் இல்லை. டைமிங், ஃபேன் ஓடும் வெப்பநிலை, குளோஸ்டு லூப் எல்லாம் கைக்கு வரும். உங்கள் மாடலுக்கு வழி இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள். முதல் வேலையாக ஒரிஜினல் ஃபைலைப் படித்துச் சேமியுங்கள். எழுதும்போது பேட்டரி சார்ஜரோடு இருக்கட்டும். பாதியில் மின்சாரம் விழுந்தால் ஈசியூ பேசாமல் போய்விடக்கூடும்.

முழு மாற்று ஈசியூ சின்ன பைக்குகளின் வழி. தைவானின் ஏரேசர், மலேசியாவின் உமா ரேசிங், இந்தோனேசியாவின் பிஆர்டி ஆகியவை யமஹா ஸ்நைப்பர், ஹோண்டா ஆர்எஸ்150 போன்ற வண்டிகளுக்கு நேரடியாகச் செருகும் ஈசியூ தருகின்றன. வாங்குமுன் ஐட்லிங் வால்வ், ஃபேன், வண்டி சாய்ந்தால் இஞ்சினை நிறுத்தும் சென்சார், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), டேஷ் விளக்கு எல்லாம் வேலை செய்யுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாய்வு சென்சார் செத்துப்போனால் கீழே விழுந்த வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

எதை வாங்கினாலும் இஞ்செக்டரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சுழற்சிக்கு இரண்டு சுற்று. 10,000 ஆர்பிஎம்மில் அதற்குக் கிடைக்கும் நேரம் 12 மில்லி விநாடி. இஞ்செக்டர் அதில் 10 மில்லி விநாடி திறந்திருந்தால் 83%. 85%-ஐத் தாண்டினால் பெரிய இஞ்செக்டர்தான் வழி. எந்த டியூனரும் இல்லாத நேரத்தை உண்டாக்காது.

நம் ஊர் வெயில், மழை, சட்டம்

வேறு நாட்டில் 20 டிகிரியில் எழுதிய மேப்பை இறக்கி அப்படியே போடாதீர்கள். 32 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 4% குறைவு. ஈசியூவின் வெப்பநிலைத் திருத்தம் நன்றாக வேலை செய்தால் தப்பிக்கலாம். மாற்று ஈசியூவில் அந்தத் திருத்த அட்டவணை வெறுமையாக இருந்தால் வண்டி எப்போதும் ரிச்சாகவே ஓடும். குளிர் ஸ்டார்ட் பற்றி இங்கே கவலை குறைவு. மதியம் காப்பிக்கடையில் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். அங்கே திணறினால் மேப் முடியவில்லை என்று பொருள்.

பெட்டியை சீட்டுக்கு அடியில், இக்னிஷன் காயில் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். எர்த்தை நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுங்கள். வயரின் தோலைக் கடித்துப் பிடிக்கும் மலிவான கிளிப்புகள் வேண்டாம். ஒரு பருவமழைக்குப் பிறகு உள்ளே பச்சை பூத்து, வண்டி காரணமே தெரியாமல் நிற்கும்.

ஜொகூரில் சிங்கப்பூர் வண்டிக்கு ரான்95 (ஆக்டேன் 95 பெட்ரோல்) கிடையாது, 97தான். அதைப் போட்டு டைமிங்கை முன்னே தள்ளிவிட்டு, இங்கே 95 ஊற்றினால் நாக்கிங் (இஞ்சினுக்குள் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வரும். நீங்கள் ஊற்றப்போகும் ஆகக் குறைந்த பெட்ரோலில்தான் டியூன் செய்ய வேண்டும்.

எக்ஸாஸ்ட் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்ற வகைதானா என்று ஒன் மோட்டோரிங் தளத்தில் முதலில் பாருங்கள். டியூன் அதற்கு அப்புறம். போர் மாற்றுவது வேறு கதை. ஸ்நைப்பர் 150-இன் 57 மில்லி மீட்டர் போரை 62 ஆக்கினால் 149.8 சிசி 177 ஆகிவிடும். 2பி உரிமத்தின் 200 சிசி எல்லைக்குள்தானே என்று ஆறுதல் வேண்டாம். பதிவில் இருப்பது 150, இன்சூரன்ஸும் அதற்குத்தான். ஐட்லிங் பகுதியை 14.7-ஐ ஒட்டியே வையுங்கள். அங்கே ரிச்சானால் கார்பன் மோனாக்சைடு ஏறி வருடாந்திரச் சோதனையில் விழுவீர்கள்.

டைனோவில் என்ன நடக்க வேண்டும்

டைனோ என்பது வண்டியை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் இயந்திரம். அதில் வைட்பேண்ட் சென்சார் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். பைப்பின் நுனியில் குழாய் விட்டு எடுக்கும் அளவு கன்வெர்டரைக் கடந்து வந்தது, அதை நம்பி மேப் எழுத முடியாது. சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் உள்ளே நீர் தேங்காது. மாட்டிவிட்டு மின் இணைப்பு கொடுக்காமல் ஓட்டினால் கரி பிடித்துக் கெட்டுவிடும்.

முழு த்ராட்டிலில் மூன்று இழுப்பு இழுத்து கிராஃப் கொடுப்பது டியூன் ஆகாது. நீங்கள் ஊருக்குள் ஓட்டுவது 5 முதல் 20% த்ராட்டிலில். மேப்பில் அந்தச் செல்களை (கட்டங்களை) லோடு போட்டு நிறுத்தி, ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். கணக்கு எளிது: முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் அளவு 13.0 வேண்டும், 14.1 காட்டுகிறது என்றால் 14.1-ஐ 13.0-ஆல் வகுங்கள். வருவது 1.085, அதாவது 8.5% கூட்ட வேண்டும். அந்தச் செல்லில் ஏற்கெனவே 6% இருந்தால் 14.5% என்று கூட்டாதீர்கள், 1.06-ஐ 1.085-ஆல் பெருக்கினால் 15% வரும். அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே பெரிய தாவல் இருந்தால் த்ராட்டில் திருகும்போது கையில் உணர்வீர்கள்.

பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: மேப் ஃபைல் உங்களுக்குக் கிடைக்குமா, பூட்டுப் போட்டுத் தருவாரா? பூட்டிய ஃபைலை வேறு யாராலும் திருத்த முடியாது. ஜொகூரில் மலிவாகச் செய்தாலும், ஒரு சின்னத் திருத்தத்துக்கு மறுபடி கடற்பாலத்தில் நிற்க வேண்டிவரும். ஒரிஜினல் ஃபைல், புது மேப், டைனோ கிராஃப் மூன்றையும் அன்றே வாங்கி, தேதி போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், கறுப்பாகவோ வெள்ளை வெளேரென்றோ இருந்தால் வண்டியை மறுபடி டைனோவில் ஏற்றுங்கள்.