கொரோனா பில்: டிஸ்சார்ஜ் வரை காத்திருக்காதீர்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்துதான் கொரோனாவின் முதல் இரண்டு அலைகளையும் பார்த்தேன். பில் சண்டை எல்லாம் டிஸ்சார்ஜ் அன்றுதான் வரும். ஆனால் அன்றைக்குப் பேசிப் பெரிதாக எதுவும் குறையாது. அட்மிஷன் அன்றே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

அதற்கு முன்னால், பணம் கட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் நுழையும்போதே நீட்டிவிடுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்பது பெரும்பாடு.

அடுத்து, அரசாணை. 2020 ஜூனில் தமிழக அரசு பொது வார்டுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து நாளுக்கு 5,000 அல்லது 7,500 ரூபாய், ஐசியுவுக்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 2021-ல் அது மாறியது. எனவே சேரும் தேதியில் ஏதாவது உச்சவரம்பு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதை போனில் வைத்துக்கொண்டு, பில்லிங் ஆளிடம் காட்டியே கேளுங்கள்.

தனியார் பாலிசிக்காரர்கள் பலர் மாட்டுவது அறை வாடகையில். பாலிசியில் வாடகை வரம்பு 5,000. நீங்கள் எடுத்தது 10,000 ரூபாய் அறை என்றால், வாடகையில் மட்டுமா பாதி போகும்? டாக்டர் விசிட், நர்சிங் கட்டணத்திலும் பாதியைக் கழிப்பார்கள். மருந்து, ஸ்கேன், ஐசியு கட்டணங்களில் அப்படிக் கழிக்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. கழித்திருந்தால் விடாதீர்கள்.

அப்புறம் இந்த பிபிஇ கிட், அதாவது தொற்று வராமல் இருக்க ஊழியர்கள் போடும் பாதுகாப்பு உடை. ஒரே நர்ஸ் ஒரே கிட்டோடு வார்டு முழுக்கச் சுற்றிவருவார்; சில இடங்களில் ஒவ்வொரு நோயாளி பில்லிலும் முழு கிட் ஏறும். சாதாரண பாலிசிகளில் கையுறை, கிட் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் பாலிசியில் கிடைத்தது. இடைக்கால பில்லைத் தினமும் காலையில் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிட், எத்தனை பேருக்குப் பங்கு என்று கேட்டாலே மறுநாள் எண்ணிக்கை இறங்கும். இதை பில் போடும் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

கையில் பணம் இல்லையா? வட்டிக்கு வாங்கும் முன் பிஎஃப் கணக்கைப் பாருங்கள். சிகிச்சைக்கென முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆன்லைனிலேயே விண்ணப்பம், ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும், அதை இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.