குவீன்ஸ்போரோ பாலம்: நடப்பவர் தெற்கே, சைக்கிள் வடக்கே

நியூயார்க்கில் குவீன்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்கு இந்தப் பாலத்தின் வழியாகப் போக நினைப்பவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். நடந்து போகிறீர்களா, சைக்கிளிலா? நடப்பவர்களுக்குத் தெற்கு ஓரம், சைக்கிள்காரர்களுக்கு வடக்கு ஓரம். நடுவில் கார்கள் பறந்துகொண்டிருக்கும். பாதி வழியில் பக்கம் மாற வழியே கிடையாது. தப்பான பக்கம் ஏறினால் ஒன்று திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை எல்லோரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

இந்த ஏற்பாடு 2025 மே 18 முதல்தான். அதற்கு முன்னால் வடக்கு ஓரத்தில் இருந்த சுமார் 11 அடி அகலத் தடம் ஒன்றே எல்லோருக்கும். போகிற சைக்கிள், வருகிற சைக்கிள், போகிற ஆள், வருகிற ஆள், குழந்தை வண்டி, டெலிவரி இ-பைக் எல்லாம் அதற்குள்தான். தெற்கு ஓரத்தில் கார்கள் ஓடின. அந்தக் கார் தடத்தை எடுத்து நடப்பவர்களுக்கு விடச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டார்கள். கிடைத்தது. என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஒரு தடத்தின் பயனை மாற்றி இவ்வளவு நன்மை கிடைத்த இடம் வேறில்லை. ஆனால் பழைய வழக்கத்தில் இன்னும் சிலர் வடக்குப் பக்கம் நடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வரைபடத்தில் எட் காச் குவீன்ஸ்போரோ பாலம் என்று இருக்கும். முன்னாள் மேயரின் பெயரை 2011-இல் சேர்த்தார்கள். மன்ஹாட்டன்காரர்கள் 59ஆம் தெருப் பாலம் என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

நடப்பவர்கள் எங்கே ஏறுவது

குவீன்ஸ் பக்கம் குவீன்ஸ் பிளாசா சவுத்தும் கிரெசன்ட் தெருவும் சந்திக்கும் இடம். சப்வேயில் வந்தால் 7, என், டபிள்யூ ரயில்கள் நிற்கும் குவீன்ஸ்போரோ பிளாசா நிலையத்தில் இறங்குங்கள். தலைக்கு மேலே ரயில் பாதையின் இரும்புக் கூரை, கீழே நாலா பக்கமும் வண்டி, சத்தம் வேறு. புதிதாக வருபவருக்குத் திசை குழம்பும். பிளாசா நார்த், பிளாசா சவுத் என்று அகலமான சாலையின் இரு கரைக்கும் தனித்தனிப் பெயர். சவுத் என்ற பலகையைப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தால் சரி. மன்ஹாட்டன் பக்கம் இறங்குவது இரண்டாம் அவென்யூ, 59ஆம் தெரு பக்கம்.

சைக்கிள்காரர்களுக்கு குவீன்ஸில் அதே கிரெசன்ட் தெரு, ஆனால் குவீன்ஸ் பிளாசா நார்த் பக்கம். மன்ஹாட்டனில் 60ஆம் தெருவில், முதலாம் அவென்யூ பக்கம் போய் இறங்கும்.

என் வீட்டுக்காரருக்கு சைக்கிள் சரிப்படாது, நடைதான். எனக்கு நடந்தால் பொறுமை போய்விடும். அதனால் நாங்கள் கிரெசன்ட் தெருவில் பிரிந்து அக்கரையில் சேருவோம். இப்படிப் போகிறவர்கள் சந்திக்கும் இடத்தை முன்னாடியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று ஓர் அவென்யூ அளவுக்குத் தள்ளி இருக்கின்றன. பாலத்தின் மேல் போனில் பேசினால் காற்றும் கார்களும்தான் கேட்கும். இரண்டாம் அவென்யூவில், ஆற்றின் நடுவே இருக்கும் ரூஸ்வெல்ட் தீவுக்குக் கம்பிவடத்தில் போகும் ட்ராம் ஏறும் நிலையம் இருக்கிறது. சிவப்பு ட்ராம் மேலே தொங்கிக்கொண்டு போவதால் யாருக்கும் அடையாளம் சொல்லத் தேவையில்லை. அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.

நடை

கரையோரச் சரிவுகளையும் சேர்த்தால் பாலம் சுமார் 2.3 கிலோமீட்டர். சாதாரணமாக நடந்தால் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். நின்று நின்று படம் எடுப்பவர் கூட வந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், பொழுது போய்விடும். கப்பல் போக வேண்டும் என்பதற்காக ஆற்றிலிருந்து 130 அடி உயரத்தில் பாலத்தைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே முதல் பாதி ஏற்றம், மறு பாதி இறக்கம். படிகள் இல்லை. செங்குத்தான ஏற்றமும் இல்லை. ஆனால் முடிவே இல்லாததுபோல் நீண்டுகொண்டே போகும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும், அதைச் சொல்லி அழைத்துப் போங்கள். மேலே கழிவறை, தண்ணீர், கடை எதுவும் கிடையாது.

காலை என்றால் குவீன்ஸிலிருந்து கிளம்புங்கள். மேற்கே நடப்பதால் வெயில் முதுகில் விழும், மன்ஹாட்டன் கட்டடங்கள் முழு வெளிச்சத்தில் எதிரே நிற்கும். தெற்கு ஓரம் என்பதால் நல்ல காட்சி எல்லாம் உங்கள் இடது கைப் பக்கம். ஏறும்போதே சில்வர்கப் ஸ்டுடியோவின் பெரிய எழுத்துப் பலகை கூரைமேல் தெரியும். அப்புறம் ஆறு, ரூஸ்வெல்ட் தீவின் தெற்கு முனை, அதற்கப்பால் ஐ.நா. கட்டடம், கிரைஸ்லர் கோபுரம், எம்பயர் ஸ்டேட். சாயங்காலம் என்றால் மாறாக மன்ஹாட்டனிலிருந்து வாருங்கள். அப்போதும் வெயில் கண்ணில் அடிக்காது. நடுப்பாலம் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்.

ரூஸ்வெல்ட் தீவு காலுக்குக் கீழேயே தெரிவதால் எல்லோரும் கேட்கும் கேள்வி: அங்கே இறங்க முடியுமா? முடியாது. ஒரு காலத்தில் முடிந்தது. 1909-இல் பாலம் திறந்தபோது இந்த ஓரத் தடங்கள் டிராலி என்ற தெரு ரயிலுக்கானவை. டிராலி நடுப்பாலத்தில் நிற்கும், அங்கிருந்து லிஃப்டில் தீவுக்கு இறங்குவார்கள். 1957-இல் டிராலி நின்றது. பிறகு அந்தத் தடங்களில் கார் ஓடியது, இப்போது நாம் நடக்கிறோம். தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மன்ஹாட்டன் வரை நடந்துவிட்டு, நான் மேலே சொன்ன ட்ராமில் ஏறித் தீவில் இறங்குங்கள். சப்வேக்கு உள்ள கட்டணமே, அதே கார்டைத் தட்டினால் போதும். தீவிலிருந்து திரும்ப சப்வே நிலையமும் உண்டு. விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சுற்று எனக்குத் தெரிந்து கிடையாது.

நம்மில் பலருக்கு இடப்பக்கம் ஒதுங்குவதுதான் கையோடு வந்த பழக்கம். இங்கே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், முந்துபவர் இடப்பக்கமாக முந்துவார். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவார்கள். நாலு பேர் வரிசையாகக் கைகோத்து நடந்தால் அவர்களுக்குப் போக இடம் இருக்காது. இருவர் பக்கம் பக்கமாக என்றால் பிரச்சினை இல்லை.

சைக்கிள்

இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது. நடப்பவர்கள் போய்விட்டதால் வடக்குத் தடம் காலியாகிவிடவில்லை, வேகமாகிவிட்டது. இரண்டு திசைக்கும் அதே 11 அடிதான். சாயங்காலமும் ராத்திரியும் டெலிவரி ஓட்டுநர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இது வேலை, நேரம்தான் காசு. அவர்களோடு போட்டி போடாதீர்கள், பயப்படவும் வேண்டாம். நேர்கோட்டில் ஓட்டுங்கள், அவர்களே சுற்றிக்கொண்டு போவார்கள். ஆட்டம்போட்டு ஓட்டுபவரைத்தான் யாராலும் கணிக்க முடியாது.

கிளம்பும்முன் பிரேக் இரண்டையும் பிடித்துப் பாருங்கள். வண்டியை நிறுத்திவைத்து முன் பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இவ்வளவுதான் பரிசோதனை. சிட்டி பைக் வாடகை வண்டி எடுத்தாலும் இதைச் செய்யுங்கள், சீட்டைப் பிடித்துத் திருகிப் பார்ப்பதும் முக்கியம். ஏற்றத்தின் நடுவில் சீட் கீழே இறங்கினால் தொடையின் கதி அதோகதி. வாடகை வண்டி எடுக்க 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

பெல் கட்டாயம், சட்டப்படியே. இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: போடுங்கள். காதில் பாட்டு வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி தப்பு, அந்தத் தடத்தில் முட்டாள்தனமும்கூட. இ-பைக், இ-ஸ்கூட்டருக்கு 2025 அக்டோபர் 24 முதல் மணிக்கு 15 மைல் வரம்பு, அதாவது சுமார் 24 கிலோமீட்டர்.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். மிதி கனத்த பிறகு கியர் மாற்றினால் சங்கிலி கடகடவென்று அலறும், சமயத்தில் கழன்றும் விழும். ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். அப்போது வண்டி இடமும் வலமுமாக ஆடும். எதிரே வருபவர் இறக்கத்தில் வருகிறார், அவருக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்து ஒதுங்க நேரம் இருக்காது. உட்கார்ந்தபடியே மெதுவாக மிதியுங்கள். முடியவில்லையா, வலது ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி உங்களுக்கு வலப்புறம், கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கட்டும் என்பவர்களும் உண்டு, இடப்புறம் இருந்தால் நமக்குக் கவசம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

உச்சி தாண்டியதும் கால் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி நிற்காது. அடிபடுவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான். வேகம் ஏறிய பிறகு பிடிக்காமல், ஏறாமலே பிடித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டு, கொஞ்சம் பின்னால் சாய்ந்து. பாலத்தின் இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக விட்டிருக்கும் இணைப்புகளில் குறுக்கே உலோகப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையை நேராக, சக்கரம் அதற்குச் செங்குத்தாக இருக்கும்படி கடக்க வேண்டும். அதன்மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது. மழையில் அது சோப்பு போட்டதுபோல் வழுக்கும். பட்டைக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து, பட்டைமேல் விட்டு, தாண்டியதும் மறுபடி பிடியுங்கள். கைகள் இதைப் பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

குளிர்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தெருவில் பனி உறையாத நாளிலும் பாலத்தில் உறைந்திருக்கும். தெருவுக்கு அடியில் மண் இருக்கிறது, அதில் கொஞ்சம் சூடு தங்கும். பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. தெரு ஈரமாக இருக்கிறதே என்று நம்பி மேலே ஏறினால் மேலே கண்ணாடிபோல் தெரியாத பனிப்படலம். ராத்திரி மழை பெய்து காலையில் குளிர் இறங்கினால் நான் ரயிலில்தான் போவேன்.

படம் எடுக்க நிற்பது வடக்குத் தடத்தில் வேண்டாம். ட்ராம் பக்கத்திலேயே மிதந்து போகும், ரேவன்ஸ்வுட் மின்நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கிகள் தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நிற்பவருக்குப் பின்னால் வருபவர் இறக்கத்தில் வருகிறார். படம் வேண்டுமென்றால் இன்னொரு நாள் தெற்குப் பக்கம் நடந்து வாருங்கள்.

அக்கரையில் இறங்கியதும் ஒருவழிப் பாதைகளை நினைவில் வையுங்கள். முதலாம் அவென்யூ வடக்கே போகும், இரண்டாம் அவென்யூ தெற்கே வரும். இரண்டிலும் சைக்கிள் தடம் உண்டு. வீடு திரும்ப மன்ஹாட்டனில் பாலத்துக்குத் தெற்கேயுள்ள பகுதிகளிலிருந்து வருபவர்கள் முதலாம் அவென்யூவைப் பிடித்தால் நேராக 60ஆம் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும்.

நவம்பர் முதல் ஞாயிறு நியூயார்க் மாரத்தான் ஓட்டக்காரர்கள் இந்தப் பாலத்தின் வழியாகத்தான் மன்ஹாட்டனுக்குள் வருவார்கள். மே முதல் ஞாயிறு ஐந்து பரோ சைக்கிள் சுற்று, அதாவது நகரின் ஐந்து பெரும் பகுதிகளையும் சுற்றும் சைக்கிள் பயணம். அந்த இரண்டு நாளும் எந்தத் தடம் திறந்திருக்கும் என்பதை முந்தின நாளே நகரப் போக்குவரத்துத் துறை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.